சாய்தளத்தின் நீளம்

தமிழில் 'தணிக்கை' என்னும் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை; திரைப்படத்தில் வெட்டுவதும் தணிக்கை. எங்கள் கல்லூரிக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்த இயலுமா என்று ஆராய்ந்து தரப்பட்ட அறிக்கையைப் படித்தபோது, அது இரண்டாம் வகையைச் சேர்ந்ததோ என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது. நாற்பது பக்கங்கள், பெரும்பாலும் 'உண்டு', 'இல்லை' என்ற கட்டங்கள். சாய்தளம்: உண்டு. தனிக் கழிப்பறை: உண்டு.

இருப்பது மெய்தான். முதன்மைக் கட்டட வாயிலின் உயரம் 60 சென்டிமீட்டர். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பொது விதி. அவ்வாறாயின் சாய்தளம் 7.2 மீட்டர் நீண்டிருக்கவேண்டும். எங்களுடையது மூன்று மீட்டரில் முடிந்துவிடுகிறது. சக்கர நாற்காலியில் வரும் எங்கள் முதுகலை மாணவியை ஏற்ற இருவர் வேண்டும். இறக்கும்போது அதே இருவர் இழுத்துப் பிடிக்கவேண்டும். கழிப்பறைச் சாவியோ காவலரிடம். காவலர் எங்கே என்பது எவருக்கும் தெரியாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலைவரை அம்மாணவி தண்ணீர் குடிப்பதில்லை என்பதை அவருடைய தோழி சொல்லித்தான் அறிந்தோம். இது எந்தக் கட்டத்தில் வரும்?

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்களைச் சீர்செய்யச் சொல்லிற்று. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022இல் கடந்துபோயிற்று. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதி வெறும் பரிந்துரையாக நின்றுவிட்டதைச் சுட்டி, கட்டாயமான அளவுகோல்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. பார்வையற்றவரான ரதூரி அவ்வழக்கைத் தொடுத்தது 2005இல்!

அப்படியானால் கட்டணம் கொடுத்து அழைக்கும் நிறுவனத்துக்கு நல்ல தணிக்கையாளர் எதைத் தரவேண்டும்? முதலில், நடந்து பார்க்கவேண்டும், பயன்படுத்துகிறவர்களோடு நடக்கவேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து கழிப்பறைக்கு, தேர்வுக்கூடத்துக்கு. எங்கள் துறையில் பார்வையற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார் (தமிழ்த் துறைகளுக்கு இது புதிதல்ல). தரையில் பதித்த மஞ்சள் ஓடுகளில் நீள்கோடுகள் 'மேலே செல்' என்றும், புள்ளிகள் 'நில், கவனி' என்றும் பொருள்படும். எங்கள் தாழ்வாரத்தில் கோடுகள் நேரே சென்று அறிவிப்புப் பலகையின் இரும்புக் காலில் முட்டுகின்றன. "நல்ல யாப்பு, பொருள்தான் இல்லை" என்று அவர் சிரித்தார். தணிக்கைக்கு வந்தவர்கள் அடுத்த அறையில் அமர்ந்து தேநீர் அருந்தினார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து, கொத்தனாருக்கும் விளங்கும்படி எழுதவேண்டும். 'கதவு குறுகலானது' என்பதால் பயனில்லை. எந்தக் கதவு, இப்போது எத்தனை சென்டிமீட்டர், எத்தனை வேண்டும் (90), எப்பக்கம் திறக்கவேண்டும் என்று படத்துடன் சொன்னால் வேலை நடக்கும்.

இவற்றினும் முக்கியமானது வரிசை. எங்கள் அறிக்கை மின்தூக்கி ஒன்றைப் பரிந்துரைத்தது. அந்தக் கோப்பு இரண்டாண்டுகளாக மேசை மாறிக்கொண்டிருக்கிறது. முதல் மாடியிலிருந்த முதுகலை வகுப்பைத் தரைத்தளத்துப் பொருள் வைப்பறையோடு மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இல்லை. துறையினர் நாங்களே ஒரு பிற்பகலில் பெஞ்சுகளைச் சுமந்து மாற்றினோம். கழிப்பறைப் பூட்டை அகற்ற அதுவும் தேவைப்படவில்லை. நாளையே செய்யக்கூடியது எது, இவ்வாண்டு நிதியில் அடங்குவது எது, பெருஞ்செலவு எது என்று பிரித்துத் தராத அறிக்கை, எதையும் செய்யாமலிருக்க நிர்வாகத்துக்குக் கிடைத்த சாக்காகிவிடுகிறது.

கட்டிய பின்னும் வந்து அளக்கவேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதையை மறுமாதமே மாண்டஸ் புயல் சிதைத்தது, பிறகு சீரமைத்தார்கள். எங்கள் வளாகத்தில் புயல் தேவையில்லை. விழா நாளில் சாய்தளத்தின்மீது பூந்தொட்டிகளை அடுக்கிவிடுவார்கள்.

மின்தூக்கி வேண்டாம் என்பதல்ல எங்கள் கட்சி. நூலகம் இன்னும் முதல் மாடியில்தான் இருக்கிறது. அம்மாணவி பட்டியல் எழுதித் தருகிறார். தோழி எடுத்து வருகிறார். தேடிப்போன நூலுக்குப் பக்கத்தில், தேடாத ஒரு நூல் கையில் தட்டுப்படும் வாய்ப்பு இலக்கியம் படிக்க வந்த அவருக்கு இரண்டாண்டுகளில் ஒருமுறையும் கிட்டவில்லை. புதிய தணிக்கைக்கு விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. நூலகப் படிக்கட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்று துறையின் சார்பில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.