2147483647 - உபயோகமில்லாத எண்ணா?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. படிக்கவே மூச்சு வாங்குகிறதா? 2-ஐ 31 தடவை எழுதிப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் இது வரும். இதை 1-ஆலும் இதே எண்ணாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதாவது, இது ஒரு பகா எண்.

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2-ன் எந்தெந்த அடுக்குகளில் ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 31 உண்டு. ஆனால் அதே பட்டியலில் இருந்த 67-ம் 257-ம் தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. 61, 89, 107 மூன்றும் விட்டுப் போயிருந்தன. ஆக, பெரியவர் சொன்னார் என்று நம்பிவிட முடியாது. நிரூபித்தாக வேண்டும்.

நிரூபித்தவர் ஆய்லர், 1772-ல். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. நேர்வழியில் போனால், இந்த எண்ணின் வர்க்கமூலமான 46340 வரையுள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் குறுக்குவழி கண்டுபிடித்தார். இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் 46340-க்குள் சுமார் 370 தான். அவற்றில் பகு எண்களைத் தள்ளினால் வேலை இன்னும் குறையும். மிச்சமிருந்த எதுவும் வகுக்கவில்லை. முடிந்தது கணக்கு!

1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் தேடவே மாட்டார்கள் என்கிற மாதிரி எழுதினார். காரணம்? இவை வெறும் வேடிக்கை, பயன் ஒன்றும் கிடையாது என்பதுதான். 1876-ல் லூக்கா என்பவர் 39 இலக்கப் பகா எண்ணைக் காட்டினார். 2024 அக்டோபரில் கண்டுபிடித்ததற்கு 4,10,24,320 இலக்கங்கள்!

சரி, 'பயன் கிடையாது' என்றாரே, அது?

கணினியில் 32 பிட்டில், குறியோடு எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண் இதுதான். ஒரு கணக்கு மென்பொருள் பணத்தைப் பைசாவாக மாற்றி இப்படிச் சேமித்தால், ரூ. 2,14,74,836.47-க்கு மேல் ஒரு பைசா கூட ஏறாது. ஆனால் இதில் பகா எண் என்ற குணத்துக்கு வேலையில்லை. 31 பிட்டுகள் இருப்பதால் வந்த எல்லை, அவ்வளவுதான்.

உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. 1969-ல் லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினியில் 'ராண்டம்' எண்கள் தயாரிக்க ஒரு வழி சொன்னார்கள். ஒரு எண்ணை எடுத்து 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். இப்படியே போனால் 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தடவை வந்த பிறகுதான் சுற்று மறுபடி தொடங்கும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால்தான் ஒன்றுகூட விடுபடாமல் வருகிறது.

'இதனால் என்ன லாபம்?' என்று கேட்பது தப்பில்லை. பார்லோ கணக்கைச் சீக்கிரம் மூடிவிட்டார். ஆய்லர் 1772-ல் போட்ட உழைப்புக்கு இந்த வரவு வந்தது 197 வருடம் கழித்து!