வேலைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்!

உலகமயமாக்கல் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைத்தால் நம் கேன்டீனில் இரண்டு கட்சியும் ஜெயித்துவிடும்! நான் ஒரு செல்போன் கம்பெனியின் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் போஹும் நகரில் இருந்த நோக்கியா ஆலை 2008-ல் மூடப்பட்டது. கூலி குறைவு என்று வேலை ருமேனியாவுக்குப் போனது. 2011-ல் அங்கேயும் மூடல். 2012-ல் தாய்நாடான பின்லாந்தின் சாலோ ஆலைக்கும் அதே கதி. வேலை ஆசியாவுக்கு வந்தது. நமக்குச் சந்தோஷம்தானே! நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது, வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பரில் அதுவும் நின்றது.

வேலை இப்படி யாரையும் கேட்காமல் எல்லை தாண்டுகிறது. ஆள் தாண்டுவதுதான் பெரும்பாடு. எங்கள் பெரியப்பா மகன் பைப் பிட்டர். சிங்கப்பூர் போகச் சென்னையில் டெஸ்ட் அடித்தார். அதற்கே பெரியம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அங்கே பெர்மிட் ஒரு முதலாளியின் பேரில்தான். வேலை போனால் பெர்மிட்டும் போச்சு. "தம்பி, டிப்ளமோவை ஒழுங்கா முடிச்சிடுடா. எஸ் பாஸ் கிடைச்சா சம்பளமே வேற" என்கிறார் போனில். எஸ் பாஸுக்கும் கம்பெனிக்குக் கம்பெனி கோட்டா உண்டு என்பதை அண்ணன் சொல்வதில்லை.

அந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை 2019-ல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. பின்லாந்தில் பிறந்து சீன முதலாளி கைக்குப் போன கம்பெனி!

கேம்பஸ் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டுக்கும் மனு போட்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.