நான் வெயிலில் வைத்த பானைகள்



போன மாதச் சுவர்ப் பத்திரிகையில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் பானை செய்கிற தாத்தா படம் வரைந்திருந்தான். மீசை எல்லாம் அப்படியே எங்க தாத்தா மாதிரியே இருந்தது. ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. சக்கரத்தின் மேலேயே பானையை முழு உருண்டையாக வரைந்துவிட்டான். எங்க வீட்டில் சக்கரத்தில் பானை உருண்டையாக வராது! நூலால் அறுத்து எடுக்கும்போது அதற்கு அடியே கிடையாது, கீழே ஓட்டையாக இருக்கும். வாயும் கழுத்தும்தான் தாத்தா வேலை. வயிறும் அடியும் அப்பாயி தட்டித் தட்டிக் கொண்டுவருவது.

இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஏன்னா சக்கரம் சுற்றும்போதுதான் எல்லாரும் நின்று வேடிக்கை பார்ப்பாங்க. காரில் போகிறவர்கள்கூட இறங்கி வந்து செல்போனில் படம் எடுப்பாங்க. அப்பாயி கொட்டகைக்குள் உட்கார்ந்து தட்டுவதை இதுவரை ஒருத்தரும் எடுத்தது இல்லை. தமிழ் ஐயா வகுப்பில் சொன்னாரே, புறநானூறு 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் என்ற புலவர், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது குயவரைக் கூப்பிட்டு, இவ்வளவு பெரிய அரசனுக்கு ஏற்ற பெரிய தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று கேட்கிறார் என்று. அந்தத் தாழியை யார் காய வைத்தாங்க என்று அவரும் கேட்கவில்லை.

எங்க வீட்டில் கோடையிலேயே மண் எடுத்து வைத்துவிடுவோம். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்து, தண்ணி கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வந்துவிட்டால் குளம் நிரம்பிடும், அப்புறம் களிமண்ணுக்கு எங்கே போவது? இந்த வேலைக்குக் குளத்து மண்ணை இலவசமாக எடுக்க தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-இல் அரசு மாற்றியது. அந்த மண்ணைக் காய வைத்து, உடைத்து, ஊறப்போட்டு, மணல் கலந்து மிதிக்கணும். மிதிக்கிறது அம்மாவும் நானும். கடுகு அளவு கல் இருந்தாலும் காலுக்குத் தெரிந்துவிடும்.

தாத்தா அறுத்து வைத்த பானையை உடனே தட்டக் கூடாது. கொஞ்சம் இறுகணும். அமுக்கினால் விரல் பதியணும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அப்பாயி மடியில் வைத்து, உள்ளே இடது கையில் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரத்தட்டால் தட்டும். உள்ளே கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெளியே தட்டு விழணும். ஓட்டை சின்னதாகி, சின்னதாகி மூடிக்கொள்ளும். ஒரே நாளில் முடியாது. தட்டணும், நிழலில் இறுக விடணும், மறுபடி தட்டணும். (உருண்டையாக எதற்கு என்றால், மூலை இருந்தால் அடுப்புச் சூட்டில் அங்கேதான் விரியும்.) கடைசியில் நிழலிலேயே பல நாள் கிடக்கணும். ஒரே பக்கம் காயாமல் இருக்கத் திருப்பித் திருப்பி வைக்கணும்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

போன மார்கழியில் அரையாண்டு லீவு. நாலு நாள் விடாமல் மழை. கொட்டகை முழுக்கப் பொங்கல் பானை, 60 இருந்தது. ஈரம் போகவே இல்லை. பொங்கலுக்கு 17 நாள்தான் என்று அப்பாயி விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தது. அப்பாயியின் தோடு அடகுக் கடையில் இருந்தது. இந்தப் பானையை விற்றுத்தான் மீட்கணும்.

ஐந்தாம் நாள் காலையில் வீட்டில் எல்லாரும் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும்தான் இருந்தேன். ஒன்பது மணிக்குச் சுள்ளென்று வெயில் வந்தது! எனக்கு ஒரே சந்தோஷம். அறுபதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வரிசையாக அடுக்கினேன். சாயங்காலம் வந்து பார்த்து, "எம் பேத்தி கெட்டிக்காரி"ன்னு அப்பாயி சொல்லும் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு டிக் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். அப்புறம் இன்னொரு டிக். போய்ப் பார்த்தால் ஒரு பானையின் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் கோடு. பக்கத்துப் பானையிலும் கோடு. அழுதுகொண்டே எல்லாவற்றையும் உள்ளே தூக்கினேன். அதற்குள் 41 பானை போய்விட்டது.

ஏன் என்று பிறகு அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஈரம் போகப் போகக் களிமண் சுருங்கும். வெயில் பட்ட பக்கம் வேகமாகச் சுருங்குது, உள்பக்கம் ஈரமாகவே இருக்குது. இரண்டும் இழுத்துக்கொள்வதில் விரிந்துவிடுகிறது என்றார்கள். மழையால்தான் பானை கெடும் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பாயி வந்து பார்த்துவிட்டு, "யாருடி வெளியில வைக்கச் சொன்னா, யாருடி சொன்னா"ன்னு தலையில் அடித்துக்கொண்டது. தாத்தா, "வெயிலப் பாத்தா யாருக்குமே வைக்கணும்னுதான் தோணும், விடு"ன்னு சொல்லிவிட்டுத் தொட்டியில் தண்ணி ஊற்றினார். சுடாத பானைதானே, ஊறினால் திரும்ப மண்ணாகிவிடும். உடைத்துப் போடுவதை என்னையே செய்யச் சொன்னது அப்பாயி. மயிரிழை விரிசல் இருந்ததையும் விடவில்லை. அது சூளையில் வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் போய்விடுமாம்.

மண் திரும்பக் கிடைத்தது, நாள் கிடைக்கவில்லை. பனியில் பானை காயவே மாட்டேன் என்றது. திரும்பச் செய்ததில் 18-தான் சூளைக்குப் போச்சு. வியாபாரி பாதிப் பணம்தான் கொடுத்தார். பொங்கல் அன்று அப்பாயி காதுத் துளை தூர்ந்து போகாமல் இருக்க ஈர்க்குச்சி சொருகிக்கொண்டு சாமி கும்பிட்டது. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தோடு மாசி மாதம்தான் வந்தது.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் விட்டதும் பானைகளைத் திருப்பி வைப்பது என் வேலை. தட்டவும் விட்டிருக்காங்க. பானை வாங்கினால் அடியைத் தடவிப் பாருங்கள், சின்னச் சின்னதாகத் தட்டின தடம் கைக்குத் தெரியும். ரொம்பக் கோணலாக இருந்தால் அது நான் தட்டியது. பயப்படாமல் பொங்கல் வைக்கலாம், அப்பாயி பார்த்துவிட்டுத்தான் சூளையில் ஏற்றும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி