அடித்தகட்டைக் கழற்றினால் தெரியும்

சென்னை ரிச்சி தெருப் பட்டறைகளுக்குப் பழைய ஆம்பிளிஃபயர் ஒன்று வந்தால் அதன் முகப்பை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் போட்டு அடித்தகட்டைக் கழற்றுகிறார்கள். முகப்பில் எந்தப் பெயரையும் ஒட்டிவிடலாம். ஊர் ரேடியோ கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயரையே தகட்டில் பொறித்து ஒட்டிய காலம் உண்டு.

நான் போயிருந்தபோது மேசையில் கிடந்தது ஒரு வால்வு செட். மைக் செட் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்தது. கம்பெனிச் சரக்கு என்று நம்பித்தான் கொண்டுவந்திருந்தார்கள். பட்டறையின் மூத்த மெக்கானிக் வால்வு சாக்கெட்டின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். “இது கையால கட்டினது தம்பி. ஓட்டையைப் பாருங்க” என்றார். தொழிற்சாலையில் பிரஸ் அடித்த ஓட்டையின் ஓரம் ஒரே சீராக இருக்கும். இதிலோ வட்டத்தைச் சுற்றிச் சிறுசிறு துளைகள் போட்டு, நடுத்தகட்டைத் தட்டி எடுத்து, அரத்தால் ராவியிருந்தார்கள். அரத்தின் தடம் இன்னும் மறையவில்லை.

அடுத்தது சர்க்யூட். வெளிவரும் முனையில் இரண்டு ஈஎல்84, அதற்கு முன்னால் ஈசிசி83, தொடக்கத்தில் ஈஎஃப்86, கரண்ட்டை நேராக்க ஈஇசட்81. இந்த வரிசையைப் பார்த்ததுமே பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்: முல்லார்டு ஐந்து-பத்து. ஐந்து வால்வு, பத்து வாட் என்பதால் அந்தப் பெயர். பிரிட்டனின் முல்லார்டு கம்பெனி 1950களில் தன் வால்வுகள் விற்கவேண்டும் என்று இத்தகைய சர்க்யூட் படங்களை வெளியிட்டது. அவற்றைப் பார்த்துப் பல நாடுகளில் வீட்டிலேயே கட்டினார்கள். இந்தப் பெட்டியின் வால்வுகள் சிலவற்றில் இருந்தது பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை, 1954இல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனத்தினுடையது.

ஆனால் மேசையில் இருந்தது வெறும் நகல் இல்லை. வால்வுகள் ஆறு. மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலுக்கு அசல் படம் போதாது என்று இன்னொரு ஈசிசி83 சேர்த்திருந்தார் கட்டியவர். அசல், வீட்டு ஸ்பீக்கருக்கானது. இவரோ தூரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்காக அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் 100 வோல்ட் லைனுக்குத் தனி முனை எடுத்திருந்தார். இந்த இரண்டு மாற்றங்களிலேயே இது எதற்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

கைவேலையில் மிகக் கடினமானது அந்த டிரான்ஸ்பார்மர்தான். பிரைமரியை மொத்தமாகச் சுற்றி முடித்து, மேலே செகண்டரியைச் சுற்றினால் வேலை சுலபம், மேல்சுரங்கள் மங்கிவிடும். அதனால் இரண்டையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் காகிதம். தலைமுடியளவு மெல்லிய கம்பி நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இதில் மேலுறைக் காகிதத்தில் பென்சிலால் சுற்றுக் கணக்கு எழுதியிருந்தது. சுற்றியவர் பெயர் இல்லை.

காலத்தைக் கணிக்கும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். வால்வை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதன் தேதிக் குறியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஈயம் வைத்த பாகங்களைத்தான் பார்க்க வேண்டும். அவற்றிலும் பிற்காலத்தில் மாற்றிய கண்டென்சரின் ஈயம் பளபளக்கும். பழைய பற்றுகள் மங்கி, சுற்றிலும் பழுப்பு நிறப் பிசின் படிந்திருக்கும். கை படாத பாகங்களில் எது கடைசியாக உற்பத்தியானதோ, செட் அதற்குப் பிறகே கட்டப்பட்டிருக்கும்.

டிரான்சிஸ்டர் செட்டில் தேதி காண்பது இன்னும் எளிது. 2என்3055 தலையில் 7832 என்று இருந்தால் பெரும்பாலும் 1978இன் 32ஆவது வாரம். அவுட்புட்டில் இரண்டுமே 2என்3055ஆக இருந்தால் அது பழைய பாணி: எதிர்வகை சிலிக்கான் பவர் டிரான்சிஸ்டர் விலை கூடுதலாக இருந்த காலத்தில், பொறியாளர் எச். சி. லின் 1956இல் வெளியிட்ட உத்தியால் ஒரே வகையை வைத்துச் சமாளித்தார்கள். கூடவே எம்ஜே2955 இருந்தால் வடிவமைப்பு பிந்தியது. அதற்கும் பிறகு எல்ஏ4440 போன்ற ஐசி வந்தது. ரெடிமேடு போர்டை வாங்கிப் பெட்டிக்குள் பொருத்தினால் போதும் என்றானது.

கையால் கட்டிய வால்வு செட்டுகளைச் சிலர் வாங்கி, வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் மட்டும் உருவி விற்று, சேஸிஸை இரும்புக்குப் போடுகிறார்கள். மனம் பொறுக்காத வேலை இது. கம்பெனி செட்டுக்கு மாடல் நம்பர் உண்டு, வரைபடம் கிடைக்கும். கையால் கட்டியதற்கு அந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். வால்வு செட்டுக்குள் 300 வோல்ட் அளவுக்கு ஓடும். நிறுத்திய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து சீரிஸ் பல்பு போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவரைத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி, அடித்தகட்டின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.