திருத்தி எழுதியதைப் பற்றிப் பேசும்போது



உங்கள் கைத்தொலைபேசியில் ஒரு செய்தியின் ஓரத்தில், நேரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், 'திருத்தப்பட்டது' என்ற பொருளில் ஒரு சிறு சொல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பிய பின் எழுதியவர் வாசகத்தை மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். வட்ஸ்அப்பில் இந்த வசதி 2023 மே மாதத்தில் வந்தது. அனுப்பி 15 நிமிடங்களுக்குள் மாற்றலாம். டெலிகிராமில் 2016 முதல் இருக்கிறது, அங்கே அவகாசம் இரண்டு நாள். டிஸ்கோர்ட் என்று இளையவர்கள் பாவிப்பதில் கால எல்லையே இல்லை. பேஸ்புக்கில் பழைய வாசகத்தையும் திறந்து பார்க்க முடியும். மற்ற மூன்றிலும் மாற்றப்பட்டது என்பது தெரியுமே தவிர, முன்பு என்ன இருந்தது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் ஷைத்தானுக்கு வேலை அதிகம்.

இந்தச் சிறு சொல்லால் எங்கள் பகுதியில் உடன்பிறந்த இரு சகோதரிகளின் குடும்பங்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தன. காரணம் காணியுமல்ல, சீதனமுமல்ல. பிள்ளைகள் ஆடிய ஒரு விளையாட்டு.

அது என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் முறை வைத்து எழுதுவார்கள். ஒருத்தி எழுதியதைப் பார்த்து அடுத்தவள் எழுதுவாள். கதை எங்கே போகும் என்று எவருக்கும் தெரியாது. 1974இல் அமெரிக்காவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் இப்படியொரு விளையாட்டு விற்பனைக்கு வந்தது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அதைப் போன்ற ஒன்றைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். அதில் படம் கிடையாது, வெறும் எழுத்துத்தான். இன்று எங்கள் பிள்ளைகள் அதையே தமிழில் தொலைபேசியில் எழுதுகிறார்கள். கதை என்று இரு பக்கமும் தெரிந்து எழுதுவது பொய்யாகாது. ஆபாசமும் இணைவைப்பும் இல்லாமல், அந்நிய ஆண் பெண் கலப்பு இல்லாமல், தொழுகையை விழுங்காமல் இருந்தால் நான் அதைத் தடுக்க மாட்டேன். பிள்ளைகளின் தமிழ் வளர்வதையும் பார்க்கிறேன்.

நான் சொல்லும் பிள்ளைகள் எல்லோரும் பெண்கள், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள். அவர்கள் எடுத்த கதையும் எங்கள் மண்ணின் கதை. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் நின்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து இறங்கிய ரொபர்ட் நொக்ஸையும் அவருடைய தகப்பனையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்து மூதூரை வைத்து இவர்கள் எழுதினார்கள். கிளிவெட்டியில் இருக்கும் ராத்தாவின் மகள் தோணிக்காரனின் மகளாக வந்தாள். தோப்பூரில் இருக்கும் தங்கையின் மகள் கப்பலின் மொழிபெயர்ப்பாளரின் மனைவி. எழுதுவது ஐந்து பேர், வாசிப்பது முப்பது பேருக்கு மேல். சாச்சிமார், மச்சிமார், கட்டாரில் இருக்கும் ஒரு மாமா வரைக்கும் அதை வாசித்து ரசித்தார்கள். வாசிப்பவர்கள் பேசிக்கொள்ள வேறொரு குழுவும் இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

ஓர் இரவு தோணிக்காரனின் மகள், "அல்லாஹ் மீது சத்தியமாக, நீங்கள் வரும் வரை தோணியை நகர்த்த மாட்டேன்" என்று எழுதினாள். மற்றவள் உடனே, "உன் சத்தியத்தை நம்பிப் பிள்ளைகளை விட்டுப் போகிறேன்" என்று பதில் எழுதினாள். சில நிமிடங்களில் முதல் வரி மாறிவிட்டது. சத்தியம் போய், "போய் வாருங்கள், பார்ப்போம்" என்று நின்றது. மறுநாள் காலையில் வாசித்தவர்களுக்கு, சொல்லாத சத்தியத்தை நம்பிப் போன புத்தியில்லாதவளாகத் தோப்பூர்ப் பிள்ளை தெரிந்தாள். சிரித்தார்கள். அப்போது இரவிலேயே பழைய வரியைப் படம் பிடித்து வைத்திருந்த ஒருத்தி அதை எடுத்துப் போட்டாள். உடனே சிரிப்பு மறுபக்கம் திரும்பியது. "கள்ளி", "சத்தியத்தை விழுங்கினவள்" என்றார்கள். முதலில் தோணிக்காரனின் மகளைச் சொன்னார்கள், பத்துச் செய்திக்குள் எழுதிய பிள்ளையைச் சொன்னார்கள், மாலைக்குள் அவளைப் பெற்றவளையும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

தாய் என்னிடம் வந்து, "மௌலவி, என்ட மகள் பொய்க்காரியா? அந்தப் படம் குடும்பம் முழுக்கச் சுத்துது" என்று அழுதார். நான் பிள்ளையிடம் கேட்டேன், ஏன் மாற்றினாய் என்று. முப்பது பேரில் ஒருவர்கூட அதுவரை அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"ஹஸ்ரத், அல்லாஹ்ட பேரால சத்தியம் எண்டு எழுதிப்போட்டன். கதைக்குள்ள விளையாட்டுக்கு அப்படிச் சத்தியம் பண்ணலாமா எண்டு பயமாயிருந்திச்சி. அதான் எடுத்தன். அவ பதில் எழுதினதை அப்ப நான் பாக்கல்ல."

சகோதரிகளே, சிந்தித்துப் பாருங்கள். அல்லாஹ்வுக்குப் பயந்து ஒரு சொல்லைத் திரும்பப் பெற்ற பிள்ளைக்குக் கிடைத்த பெயர் கள்ளி.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது எங்கள் மார்க்கத்தில் புதிதல்ல. வியாபாரம் பேசிய இருவரும் அந்த இடத்தை விட்டுப் பிரியும் வரை, பேசியதை முறித்துக்கொள்ளும் உரிமை இருவருக்கும் உண்டு என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸின் கருத்து. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் இதற்குக் 'கியாருல் மஜ்லிஸ்' என்று பெயர். பிரிந்த பிறகு மனம் மாறினால் மற்றவரின் சம்மதம் வேண்டும். அதற்கு 'இகாலா' என்பார்கள். வருந்தி வருபவருக்கு அந்தச் சம்மதத்தைக் கொடுப்பவரின் சறுக்கலை அல்லாஹ் நீக்குவான் என்று அபூதாவூதில் வருகிறது. விளையாட்டு வியாபாரமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒழுங்கு இங்கேயும் பொருந்துகிறது. அடுத்தவள் பதில் எழுதும் வரை உன் வரி உன்னுடையது. பதில் வந்த பிறகு அதில் அவளுக்கும் பங்கு வந்துவிட்டது, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்று. பிள்ளைக்கு நான் சொன்னது அவ்வளவுதான். எடுத்ததில் அவள் செய்தது சரி. சொல்லியிருந்தால் இன்னும் சரி.

வாசித்துப் பேசியவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருந்தது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் இருந்தபோது சொன்ன தீர்ப்புகள் பலவற்றை, ஹிஜ்ரி 199இல் எகிப்துக்குப் போன பின் மாற்றினார்கள். முன்னையதைக் 'கதீம்' என்றும் பின்னையதை 'ஜதீத்' என்றும் சொல்வார்கள், பழையது, புதியது என்று பொருள். பழையதை ஸஃபரானி (ரஹ்) போன்றவர்களும், புதியதை ரபீஉ (ரஹ்) போன்றவர்களும் அறிவித்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், இரண்டு வாசகமும் மாணவர்களின் கையில் இருந்தன. அவர்கள் எப்படிப் பேசினார்கள்? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கிதாபைப் புரட்டினால், பழைய சொல் இது, புதிய சொல் இது என்று பெயரிட்டே வரும். மறைப்பும் இல்லை, நையாண்டியும் இல்லை. இமாம் விட்டுவிட்ட சொல்லை அவருடைய இன்றைய சொல்லாக அவர் மீது சாட்டுவதும் இல்லை. சில இடங்களில் பழையதே ஆதாரத்தில் பலமானது என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். மஃரிபின் நேரம் செவ்வானம் மறையும் வரை நீளும் என்பது பழைய சொல்தான். அதன்படிதான் அடுப்படி வேலையில் சற்றுப் பிந்திய நீங்களும் மஃரிபை அதாவாகத் தொழுகிறீர்கள். அதைச் சொல்லும்போதும் இமாமின் கண்ணியத்துக்கு ஒரு கீறல் விழவில்லை.

ஒரு கதையின் மாறிய வரியைப் பேசுவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. "முதலில் சத்தியம் இருந்தது, இப்போது இல்லை, எனக்கு முதலாவதுதான் பிடித்தது" என்று தாராளமாகப் பேசலாம். தோணிக்காரனின் மகளை ஏசலாம், அவள் கற்பனை. எழுதிய பிள்ளையின் உள்ளத்துக்குள் போகக் கூடாது. திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் 12ஆவது வசனத்தில் கெட்ட எண்ணம், துருவித் துருவிப் பார்த்தல், புறம் பேசுதல் மூன்றும் அடுத்தடுத்து விலக்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சம்பவத்தில் மூன்றும் ஒரே நாளில் நடந்தன. அடுத்தவள் மாற்றக்கூடும் என்று இரவிரவாகப் படம் பிடித்து வைப்பது துருவிப் பார்ப்பதல்லாமல் வேறென்ன? (கலியாண வீடுகளில் "அவ முதல்ல இப்படியல்லோ சொன்னா" என்று தொடங்கும் கதைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அதற்குத் தொலைபேசிகூடத் தேவையில்லை.)

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடன், கூலி, மஹர், காணி பற்றிய செய்திகளில் இந்த இரக்கக் கணக்கு வேறு. கடனை எழுதிச் சாட்சி வைக்கும்படி அல்லாஹ்வே 2ஆவது அத்தியாயம் 282ஆவது வசனத்தில் கட்டளையிட்டிருக்கிறான். தொகையைத் திருத்தி எழுதி உங்களைப் பொய்யராக்க ஒருவர் முயன்றால் பழைய வாசகத்தைக் காட்டுவது புறமல்ல. அநியாயம் செய்யப்பட்டவருக்குப் பேச உரிமை உண்டு. அதையும் தீர்த்து வைக்கக்கூடியவரிடம் காட்டுங்கள், முப்பது பேருக்கு அல்ல.

பிள்ளைகள் இப்போது திரும்பவும் எழுதுகிறார்கள். பதில் வந்த பின் எதையாவது மாற்றினால் கீழே 'மாற்றினேன்' என்று போட்டு, எதை, ஏன் என்று ஒரு வரி சேர்ப்பது என்று தாங்களாகவே பேசி முடிவெடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளரின் மனைவியும் தன் பதிலைத் திருத்திக்கொண்டாள். தாய்மார் இருவரும் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டில் சந்தித்து, ஒருவர் முன் ஒருவர் தொலைபேசியிலிருந்த படத்தை அழித்தார்கள். சாச்சிமாரும் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். கட்டாரில் இருக்கும் மாமாவுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறோம், அவருடைய பதில் இன்னும் வரவில்லை.