இருக்கம் தீவில் ஒரு பகல்

கடந்த தைப்பொங்கலன்று வீட்டில் ஒரு சிறு உரையாடல் நிகழ்ந்தது. "சித்திரையில நம்ம ஊர்ல கொடை வருது" என்றார் அம்மா. "உங்க ஊர்ல எத்தனை நாள்மா?" என்று கேட்டேன். அவர் பதில் கூறாமல் அடுக்களைக்குள் சென்றுவிட்டார். அம்மாவுக்கு ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம்தான். மணமான பின் தாராவியில் சில ஆண்டுகள், வாடகை கட்டுப்படியாகாமல் பிறகு அம்பர்நாத். நான் பிறந்ததும் படித்ததும் அம்பர்நாத்தில். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', விலக்கிவைக்கும் 'நாங்கள்' ஆகியவற்றின் வேறுபாட்டை முதுகலைத் தேர்வில் மூன்று பக்கம் எழுதியவள் நான். அம்மா நீட்டிய 'நம்ம'வை ஒரே சொல்லில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

பிப்ரவரியில் நூலகப் பணிக்காகச் சென்னை சென்றபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் மிஞ்சியது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கம் என்றொரு தீவு உண்டு. இரக்கம் என்றும் எழுதுவர். ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் அங்கே வழங்குவது தமிழ். சூலூர்ப்பேட்டை செல்லும் மின்தொடர் வண்டி ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் நிலையப் பலகைகள் தெலுங்குக்கு மாறுகின்றன. தடாவில் இறங்கி, பீமுனிவாரிபாளையத்தில் படகேறினேன். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பரப்புதான் பெரிது, ஆழம் பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. தொலைவில் பூநாரைகள் நீரில் நின்றுகொண்டிருந்தன. கிழக்கே சிறீஅரிக்கோட்டா, 1971 முதல் ஏவூர்திகள் அங்கிருந்து கிளம்புகின்றன. அன்று ஓசையேதும் இல்லை.

படகில் ஒரு மூதாட்டி இருந்தார். எல்லாரும் 'ஆயா' என்று அழைத்தனர். எங்கள் வீட்டுத் தமிழில் ஆயா என்றால் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். பாட்டியை ஆச்சி என்போம். ஆகவே முதலில் எனக்கு நா எழவில்லை.

பையில் நாற்பது வினாக்களும் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தன. வேற்றுமொழி மாநிலத்துக்குள் வாழும் தமிழில் என்ன கலந்திருக்கிறது, என்ன உதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பது நோக்கம். அடுத்த ஆய்வுக் கட்டுரைக்கு ஆகும் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன். தீவில் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அனுமதி கேட்டுக் கருவியை இயக்கினேன். "எங்க தீவு", "எங்க ஆளுங்க", "எங்களுக்கு ரேஷன் கார்டு தெலுங்குல" என்றே எல்லாம் வந்தது. 'நம்ம' வரவைப்பதற்காக நான் இட்டுக்கட்டிய வாக்கியங்களைக் கேட்டு அவர் பேத்தி சிரித்தாள். கேட்டவள் வெளியூர்க்காரி, 'எங்க' என்பதே சரியான இலக்கணம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் மனமு, மேமு. பொதுவாக வட இந்திய மொழிகளில் இல்லாத இது மராத்தியில் ஆபண், ஆம்ஹீ என நிலைத்திருக்கிறது. திராவிடத் தொடர்பின் தடம் என்பர். சாங்க்லி மாவட்டத்துக் குப்வாட் ஊரைப் பற்றி கம்பர்சும் வில்சனும் 1971இல் எழுதிய கட்டுரையைப் பலரும் வாசித்திருப்பீர்கள். கன்னடரோடும் மராத்தியரோடும் தலைமுறைகளாகப் பழகிய அவ்வூர் உருதுகூட இந்த வேறுபாட்டைப் பெற்றுக்கொண்டது. அக்கட்டுரையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் இலக்கணக் கூறு ஒன்றின் பரவலாகவே விளக்கிவந்தேன். அங்கே யாரை யார் தம்மோடு சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லைகளும் அப்படித்தான். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. வேறு சில ஊர்கள் அங்கே போயின. சரியாக ஒரு மாதம் கழித்து மகாராஷ்டிரம் பிறந்தது. மொழிவாரிக் கோடுகள் தேவைப்பட்டன என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே கிழித்தாலும் மறுபக்கத்தில் ஒரு திண்ணை இருக்கும்.

மூன்று மணிப் படகில் ஆயாவும் வந்தார், மருந்து வாங்க. கருவி பைக்குள் கிடந்தது.

"உங்க ஊரு மெட்ராசா?"

"இல்ல ஆயா, அம்பர்நாத். பம்பாய் பக்கம்."

"அங்க போர்டெல்லாம் என்னா பாஷை?"

"மராத்தி."

"வீட்ல?"

"தமிழ்தான்."

"அப்ப நம்ம கதைதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

பதிவு செய்யாத அந்த வாக்கியத்தைத் தரவாக எழுதிக்கொள்ளலாமா என்று சற்று நேரம் தடுமாறினேன். குறிப்பேட்டைத் திறக்கவில்லை. இங்கே எழுதுவது முறையா என்ற கேள்வியும் உண்டு. ஆய்வு நெறி பயிற்றுவிப்போர் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தடா நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கையில் அம்மாவை அழைத்தேன். எந்த ஊர் என்று சொல்லாமல், "கொடை எப்பம்மா?" என்று மட்டும் கேட்டேன். சித்திரைக் கடைசிச் செவ்வாய் என்றார். முன்பதிவு தொடங்கியதும் டிக்கெட் எடுத்தால்தான் கிடைக்கும் என்றும், கல்யாணிலிருந்து மூன்று பேருக்குப் போடச் சொல்லியும் வைத்தார்.