போக்காடு எங்கே போயிற்று?

கர்த்தருக்குள் பிரியமான பெற்றோரே, ஆன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த நூலைக் கொண்டு பாவநிவிர்த்தியின் உபதேசத்தை வேதாகமக் கல்லூரியில் கற்றவன் நான். பத்துபஸ்தியில் ஒரு விசுவாசியின் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அந்தப் படிப்பு எனக்குக் கைகொடுக்கவில்லை. "நம்மேல் இருந்த கோபத்தைப் பிதா இயேசுவின்மேல் காட்டினார்" என்றேன். ஆறு வயதுச் சிறுமி தகப்பனருகிலிருந்து எழுந்து தாயின் மடியில் ஒதுங்கினாள். முந்தின நாள் அவர் அவளுடைய அண்ணனைப் பிரம்பால் அடித்திருந்தாராம். பிதா என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது உங்கள் முகந்தானே!

மறுவாரம் லேவியராகமம் 16-ஐ எடுத்தேன். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், ஒன்று பலியாயிற்று. மற்றொன்றின் தலையில் ஆரோன் இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பினான். அதுவே போக்காடு.

"இங்கே வனாந்தரம் இல்லையே, பாஸ்டர் அங்கிள்?"

மீகா 7:19-ஐ நினைத்து, "இங்கே கடல் இருக்கிறது, அம்மா" என்றேன்.

"கடல் திரும்பக் கொண்டுவந்துவிடாதா?"

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டவள் அவள். சற்று நேரம் எனக்குப் பதில் வரவில்லை. பின்பு 2 கொரிந்தியர் 5:19-ஐத் திறந்தேன். "தேவன் வேறொருவரைப் பிடித்து அடிக்கவில்லை, அம்மா. கிறிஸ்துவுக்குள் அவரே வந்து, நம் பாவத்தைத் தாமே சுமந்தார். சுமந்ததைத் திரும்ப நம்மேல் வைக்கமாட்டார்."

சிறுமி தகப்பனைப் பார்த்தாள். அவர் மகனை அருகே அழைத்து, பிரம்பெடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகே முழங்காற்படியிட்டோம்.